செய்தித்தாளும் ரயிலும் பெற்ற லீக்

ஜப்பானின் தொழில்முறை பேஸ்பால் புள்ளிப்பட்டியலைப் படிப்பது, கடைவீதி ஒன்றில் பெயர்ப்பலகைகளைப் பார்த்தபடி நடப்பதைப் போன்றது. யோமியூரியும் சூனிச்சியும் செய்தித்தாள்கள். ஹன்ஷினும் செய்புவும் ரயில் கம்பெனிகள். யாகுல்ட் புளித்த பால் பானம் விற்கிறது, லொத்தே சூயிங்கம் விற்கிறது, நிப்பான் ஹாம் இறைச்சி விற்கிறது. ஹிரோஷிமா அணியின் பெயருக்கு நடுவே நிற்கும் தோயோ, மாஸ்டா கார் கம்பெனியின் பழைய பெயர். ஓரிக்ஸ் குத்தகையும் கடனும் கொடுக்கும் நிதி நிறுவனம். சாஃப்ட்பேங்க் கைபேசி இணைப்பு, ராகுடென் இணையக் கடை, டிஎன்ஏ கைபேசி விளையாட்டு. 12 அணிகள், 12 வியாபாரங்கள். சட்டையின் மார்பில் ஒட்டிய விளம்பரம் அல்ல இது. அணியின் பெயரே கம்பெனியின் பெயர்.

அமெரிக்காவில் நியூயார்க், பாஸ்டன், சிகாகோ என்று ஊர்ப் பெயரை முன்னால் வைத்து வளர்ந்த ஆட்டம், பசிபிக் கடலைத் தாண்டியதும் கம்பெனிப் பெயரோடு வளர்ந்ததற்குக் காரணம், அந்த லீக்கைப் பெற்றவர்கள் யார் என்பதில் இருக்கிறது. விளையாட்டை விற்க வந்தவர்கள் அல்ல அவர்கள். விற்பதற்கு வேறு சரக்கு வைத்திருந்தவர்கள்.

மாணவர்களின் ஆட்டம்

ஆட்டம் ஜப்பானுக்கு வந்தது 1872இல். டோக்கியோவில் ஆங்கிலம் கற்பிக்க வந்த ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர், தம் மாணவர்களுக்கு மட்டையும் பந்தும் கொடுத்தார். 1878இல் ஹிராவோகா ஹிரோஷி என்ற ரயில்வே பொறியாளர் ஷிம்பாஷியில் முதல் சங்கத்தை அமைத்தார். ஆனால் ஆட்டத்துக்கு மதிப்பு தேடித் தந்தவர்கள் டோக்கியோவின் முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்தான். யோகோஹாமாவில் குடியிருந்த வெள்ளையர்கள் தங்கள் மைதானத்தில் ஜப்பானியரைச் சேர்த்துக்கொள்ளாமல் இருந்த காலம் அது. 1896 மே 23 அன்று அந்த மைதானத்திலேயே இறங்கி, 29க்கு 4 என்று மாணவர்கள் அவர்களைத் தோற்கடித்தார்கள். செய்தி நாடெங்கும் பரவியது.

அதன் பிறகு வசேதா, கெய்யோ பல்கலைக்கழகங்கள் முன்னால் வந்தன. 1903இல் தொடங்கிய இவர்களின் மோதல், மூன்றே ஆண்டுகளில் இரு தரப்பு ஆதரவாளர்களின் வெறியால் நிறுத்தப்பட்டு, 1925 வரை நடக்கவேயில்லை. ஆட்டம் அவ்வளவு சூடு பிடித்திருந்தது. அந்தச் சூட்டில் முதலில் கைவைத்துப் பார்த்தது செய்தித்தாள். 1911இல் பேஸ்பால் மாணவர்களைக் கெடுக்கிறது என்று அசாஹி தொடர்ந்து எழுதியது. முதல் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த அறிஞர் நிதோபே இனாசோவும் ஆட்டத்துக்கு எதிராகப் பேசினார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1915இல், அதே அசாஹி ஒசாகாவில் நடுநிலைப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டியைத் தொடங்கியது. திட்டி எழுதுவதைவிட நடத்திவைத்து எழுதினால் இதழ் கூடுதலாக விற்கும் என்பது தெரிந்துவிட்டது.

அந்த முதல் போட்டி நடந்த தோயோநாகா மைதானம் ஒரு ரயில் கம்பெனியுடையது. பின்னாளில் ஹன்க்யூ என்று பெயர் பெற்ற அந்தக் கம்பெனியை நடத்திய கோபயாஷி இச்சிசோ, ஜப்பானிய வணிக வரலாற்றில் தனி அத்தியாயம். ஆளில்லாத வயல்வெளி வழியாகப் பாதை போட்டு, பாதை ஓரத்தில் வீட்டுமனைகளைத் தவணையில் விற்றார். பாதையின் ஒரு முனையில் தகராசுகாவில் பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழு. மறுமுனையில் உமேதா நிலையத்தின் மேலேயே பல்பொருள் அங்காடி. வாரநாட்களில் வேலைக்குப் போகிறவனை ஞாயிற்றுக்கிழமையும் ரயிலில் ஏற்ற வேண்டும் என்பதே அவர் கணக்கு. அதே ஒசாகா–கோபே வழியில் ஓடிய போட்டிக் கம்பெனி ஹன்ஷின். பள்ளிப் போட்டியை 1917இல் தன் பாதைப் பக்கம் இழுத்துக்கொண்ட ஹன்ஷின், 1924இல் அதற்கென்றே கோஷியென் மைதானத்தைக் கட்டியது. மைதானம் நிறைந்தால் ரயிலும் நிறையும்.

இத்தனைக்கும் நடுவில், காசு வாங்கிக்கொண்டு ஆடுவது மட்டும் இழிவாகவே பார்க்கப்பட்டது. 1920இல் வசேதாவின் பழைய மாணவர்கள் டோக்கியோவின் ஷிபாவுராவில் முதல் தொழில்முறை அணியை உண்டாக்கினார்கள். மோதுவதற்குச் சரியான தொழில்முறை எதிரணி இல்லை. 1923 செப்டம்பரில் பெரும் பூகம்பம் டோக்கியோவைச் சாய்த்தபோது அவர்களின் மைதானம் நிவாரண வேலைக்குப் போய்விட்டது. கலைந்த ஆட்டக்காரர்களை அழைத்துத் தகராசுகாவில் வைத்துக்கொண்டவர் கோபயாஷி. அந்த அணியும் 1929இல் கலைந்தது. ஒற்றை அணியை வைத்துக்கொண்டு தொழில் நடத்த முடியாது என்பதே இரண்டு முயற்சிகளும் விட்டுச்சென்ற பாடம்.

வேலை போன போலீஸ் அதிகாரி

பூகம்பம் நடந்த அதே ஆண்டு டிசம்பரில் பட்டத்து இளவரசர் ஹிரோஹிதோவைச் சுட ஒருவன் முயன்றான். குறி தப்பியது. ஆனால் பாதுகாப்புக்குப் பொறுப்பான டோக்கியோ போலீஸ் அதிகாரிகளின் வேலை போனது. அவர்களில் ஒருவர் ஷோரிகி மட்சுதாரோ. சில வாரங்களில், அரசியல் தலைவர் கோத்தோ ஷின்பெய்யிடம் 1,00,000 யென் கடன் வாங்கி, நொடித்துக் கிடந்த யோமியூரி செய்தித்தாளை அவர் வாங்கினார். பத்திரிகை அனுபவம் கிடையாது. எது கூட்டத்தைச் சேர்க்கும் என்ற மூக்கு மட்டும் இருந்தது. வானொலி ஒலிபரப்பு தொடங்கிய ஆண்டிலேயே வானொலி நிகழ்ச்சிகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். அடுத்து அவர் கண் பேஸ்பால் மேல் விழுந்தது. பள்ளிப் போட்டி அசாஹியிடம் இருந்தது. வசந்தகாலப் பள்ளிப் போட்டி மைனிச்சி செய்தித்தாளிடம் இருந்தது. மிச்சம் இருந்தது அமெரிக்கா.

1931இல் லூ கெரிக் உள்ளிட்ட அமெரிக்க நட்சத்திரங்களை யோமியூரி வரவழைத்தது. எதிர்த்து ஆடியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களும் பழைய மாணவர்களும். 17 ஆட்டங்கள், பதினேழிலும் அமெரிக்கர்களுக்கே வெற்றி. ஆனாலும் மைதானங்கள் நிறைந்தன. இதழும் விற்றது. அடுத்த முறை பேப் ரூத்தையே கொண்டுவருவது என்று ஷோரிகி தீர்மானித்திருந்த வேளையில் அரசு குறுக்கே வந்தது. மாணவர் பேஸ்பால் வியாபாரமாகிவிட்டது என்று கவலைப்பட்ட கல்வி அமைச்சகம், 1932இல் ஒரு கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. அதன்படி மாணவர்கள் இனித் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோத முடியாது.

வியாபாரத்தைத் தடுக்கப் போட்ட ஆணைதான் தொழில்முறை பேஸ்பாலைப் பிறக்கவைத்தது. மாணவர்கள் ஆடக்கூடாது என்றால், மாணவராக இல்லாதவர்களின் அணி ஒன்று வேண்டும். ஷோரிகி ஆள் சேர்க்கத் தொடங்கினார். கியோத்தோ வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சவமுரா எய்ஜி பள்ளியை விட்டு வந்தான். ரஷ்யாவில் பிறந்து, புரட்சிக்குத் தப்பி வந்த பெற்றோருடன் ஹொக்கைதோவில் வளர்ந்த நெடிய உருவம் விக்டர் ஸ்டார்ஃபினும் அப்படியே பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டான்.

பேப் ரூத்துக்கு வர விருப்பமில்லை. ஷோரிகியின் தூதர் சுசுகி சோதாரோ, நியூயார்க்கில் ஒரு முடிதிருத்தும் கடையில் அவரைப் பிடித்து, அவர் முகம் பெரிதாக அச்சான ஜப்பானியச் சுவரொட்டியை விரித்துக் காட்டியதும் அவர் சிரித்துச் சம்மதித்தார் என்று சொல்வார்கள். 1934 நவம்பர் 2 அன்று கப்பல் யோகோஹாமாவை அடைந்தது. ரூத், கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ், சார்லி கெரிங்கர், லெஃப்டி கோமஸ் எல்லாரும் வந்திருந்தார்கள். கின்சா தெருவில் அவர்களின் கார்கள் நகர முடியாத அளவுக்கு ஜனம். அந்தக் குழுவில் வந்த மோ பெர்க் என்ற கேட்சர், மருத்துவமனை ஒன்றின் மாடியில் ஏறி டோக்கியோவைப் படம்பிடித்துப் போனார் என்பதும், பின்னாளில் அவர் அமெரிக்க உளவு அமைப்பில் வேலை செய்தார் என்பதும் தனிக்கதை.

ஜப்பானிய அணி ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. ரூத் மட்டும் 13 ஹோம் ரன் அடித்தார். ஆனால் நவம்பர் 20 அன்று ஷிசுவோக்காவின் குசனாகி மைதானத்தில் 17 வயது சவமுரா பந்தெறிய வந்தான். கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் என்று உலகின் மிகப் பெரிய மட்டைக்காரர்கள் நான்கு பேரை வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தான். ஏழாவது இன்னிங்ஸில் கெரிக் அடித்த ஒரே ஒரு ஹோம் ரன்னால் ஆட்டம் 1–0 என்று போனது. தோற்ற ஆட்டத்தை அந்த நாடு இன்றுவரை கொண்டாடுகிறது. ஷோரிகிக்கு அன்று கிடைத்தது வேறு விதமான லாபம்: காசு கொடுத்துப் பார்க்க ஜப்பானியர்களே போதும், அமெரிக்கர் வர வேண்டியதில்லை என்ற நம்பிக்கை.

ஏழு அணிகள்

1934 டிசம்பர் 26 அன்று தாய் நிப்பான் டோக்கியோ பேஸ்பால் கிளப் என்ற கம்பெனி உருவானது. எதிரணி இல்லாததால், 1935 பிப்ரவரியில் அணி அமெரிக்காவுக்கே கப்பல் ஏறியது. சட்டை முதுகில் எண்கள் சீன எழுத்தில் இருந்தன. அங்கே அவர்களை வரவேற்ற லெஃப்டி ஓ'டூல், 1931இல் ஜப்பானில் ஆடியவர், நியூயார்க் ஜயன்ட்ஸின் முன்னாள் ஆட்டக்காரர். கிளப்பின் நீளமான பெயர் அமெரிக்கர் வாயில் நுழையாது என்று அவர் சொன்ன யோசனைப்படி அணி டோக்கியோ ஜயன்ட்ஸ் ஆனது. அணி கிளம்பிய சில நாட்களில், பிப்ரவரி 22 அன்று, யோமியூரி அலுவலக வாசலில் ஷோரிகியை ஒரு தேசியவாதி வாளால் வெட்டினான். மெய்ஜி பேரரசரின் ஆலயத்துக்குரிய ஜிங்கு மைதானத்தில் அந்நியரை ஆடவிட்டார் என்பது அவர்மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று. ஷோரிகி பிழைத்தார்.

தனி அணி நிற்காது என்ற பழைய பாடத்தை அவர் மறக்கவில்லை. மற்றவர்களைத் தேடியபோது, விற்க ஏதாவது வைத்திருந்தவர்களே வந்தார்கள். கோஷியென் மைதானத்தைப் பள்ளிப் போட்டி முடிந்ததும் சும்மா பூட்டிவைத்திருந்த ஹன்ஷின், 1935 டிசம்பரில் டைகர்ஸை உருவாக்கியது. அந்தத் திட்டம் கசிந்தபோது கோபயாஷி வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார். உடனே அணி அமைத்து மைதானமும் கட்டுங்கள் என்று அங்கிருந்தே தந்தி அடித்தார். நகோயாவில் ஒன்றோடொன்று போட்டியிட்ட இரண்டு செய்தித்தாள்கள் ஆளுக்கொரு அணி தொடங்கின. டோக்கியோவில் ஒரு செய்தித்தாளின் தாய் டோக்கியோவும், புறநகர் ரயில்வேயின் ஆதரவு பெற்ற செனட்டர்ஸும் சேர்ந்தன.

1936 பிப்ரவரி 5 அன்று ஏழு அணிகளோடு ஜப்பான் தொழில்முறை பேஸ்பால் லீக் பிறந்தது. மூன்றே வாரத்தில், பிப்ரவரி 26 அன்று, இளம் ராணுவ அதிகாரிகள் அமைச்சர்களைக் கொன்று டோக்கியோவின் மையத்தைப் பிடித்தார்கள். லீக் பிறந்த வேளை அப்படி. ஏப்ரலில் கோஷியெனில் முதல் ஆட்டங்கள் நடந்தபோது, யாருக்காக லீக்கே உண்டானதோ அந்த ஜயன்ட்ஸ் மீண்டும் அமெரிக்காவில் இருந்தது.

தொடக்கத்தில் கூட்டம் குறைவு. மரியாதை அதைவிடக் குறைவு. பல்கலைக்கழக ஆட்டத்துக்கு முண்டியடித்த ஜனம், காசுக்கு ஆடுகிறவர்களை ஏளனமாகத்தான் பார்த்தது. டோக்கியோ விரிகுடாவை நிரப்பிக் கட்டிய சுசாகி மைதானத்தில் கடலேற்றத்தின்போது தண்ணீர் புகுந்து ஆட்டமே நின்றதுண்டு. அந்த மைதானத்தில்தான் 1936 டிசம்பரில் ஜயன்ட்ஸும் டைகர்ஸும் முதல் பட்டத்துக்காக மூன்று ஆட்டங்கள் மோதின. சவமுரா மூன்றிலும் பந்தெறிந்தான். ஜயன்ட்ஸ் 2–1 என்று வென்றது. டோக்கியோ–ஒசாகா பகை என்று இன்றுவரை சீட்டு விற்கும் மோதல் அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டு, பழைய ராணுவ ஆயுதச் சாலை இருந்த நிலத்தில் கொராகுஎன் மைதானம் எழுந்ததும் லீக்குக்கு டோக்கியோவில் நிலையான வீடு கிடைத்தது.

போர் தின்ற ஆட்டக்காரர்கள்

போர் முற்ற முற்ற ஆட்டத்தின் மேல் சந்தேகம் கூடியது. எதிரி நாட்டு விளையாட்டல்லவா? 1940இல் ஆங்கில அணிப் பெயர்கள் போயின. டைகர்ஸ் வெறும் ஹன்ஷின் ஆனது. ஸ்டார்ஃபின் பெயரை மாற்றிக்கொண்டு சுதா ஹிரோஷி ஆனார். 1943இல் அம்பயர்கள் ஸ்ட்ரைக், அவுட் போன்ற சொற்களையும் விட்டு ஜப்பானியத்தில் கூவினார்கள். கோஷியெனின் இரும்புக் கூரையை உலோகத்துக்காகக் கழற்றிக் கொடுத்தார்கள். 1942 மே மாதம் கொராகுஎன்னில் தாய்யோவும் நகோயாவும் 28 இன்னிங்ஸ் ஆடி 4–4 என்று சமனில் முடித்தபோது, இரு அணியின் பந்தெறிபவர்களும் தொடக்கம் முதல் இறுதிவரை மாறவேயில்லை. சோர்வு என்று சொல்லக்கூடாத காலம் அது.

1944இல் லீக் நின்றது. மூன்றாம் முறையாகப் படைக்கு அழைக்கப்பட்ட சவமுரா, அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று கப்பலோடு கடலில் மூழ்கினார். வயது 27. கையெறி குண்டு வீசி வீசி அவர் தோள் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது. ஆண்டின் சிறந்த பந்தெறிபவருக்கு 1947 முதல் தரப்படும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

சரணடைந்து 100 நாள் ஆன கையோடு, 1945 நவம்பர் 23 அன்று, அமெரிக்கப் படை எடுத்துக்கொண்டிருந்த ஜிங்கு மைதானத்தைக் கேட்டு வாங்கி, கிழக்கு–மேற்கு என்று பிரித்து ஓர் ஆட்டம் நடத்தினார்கள். சோற்றுக்கே வழியில்லாத ஊரில் ஜனம் வந்து உட்கார்ந்தது. 1946இல் எட்டு அணிகளோடு லீக் மீண்டது. கவகாமி தெட்சுஹாருவின் சிவப்பு மட்டையும் ஓஷிதா ஹிரோஷியின் நீல மட்டையும் பிள்ளைகளின் கனவில் வந்தன. காசுக்கு ஆடுகிறவன் என்ற இளக்காரம் போரோடு போனது.

ஒரு பத்திரிகைச் சண்டை

கூட்டம் பெருகியதும் எல்லாருக்கும் அணி வேண்டும் என்றானது. 1949இல் ஷோரிகி, அமெரிக்காவில் இருப்பதைப் போல இரண்டு லீக்குகள் வேண்டும் என்று யோசனை சொன்னார். முதலில் கையைத் தூக்கியது மைனிச்சி. யோமியூரியின் நேர் போட்டியாளர். ஷோரிகிக்கு இது சம்மதம். ஆனால் போர்க்குற்றச் சந்தேகத்தில் சிறையிருந்து மீண்டிருந்த அவர் கையில் அப்போது பத்திரிகை இல்லை. யோமியூரி நிர்வாகம் கொதித்தது. நம் விளம்பரக் கருவியை எதிரிக்கும் கொடுப்பதா? செய்தித்தாள் நடத்தும் சூனிச்சி யோமியூரி பக்கம் நின்றது. ஹன்க்யூ, நான்காய், தோக்யூ ஆகிய ரயில் கம்பெனிகளும், தாய்யே சினிமா கம்பெனியும் மைனிச்சியை வரவேற்றன.

ஹன்ஷின் முதலில் மைனிச்சிக்குத் தலையாட்டிவிட்டு, பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தது. யோமியூரியோடு பிரிந்தால் ஜயன்ட்ஸ்–டைகர்ஸ் மோதல் இல்லை, அதில் வரும் வசூலும் இல்லை. கட்சி மாறியது. 1949 நவம்பர் 26 அன்று பழைய கூட்டமைப்பு உடைந்தது. யோமியூரி பக்கம் சென்ட்ரல் லீக், மைனிச்சி பக்கம் பசிபிக் லீக். ஆட்ட முறையிலோ ஊர்களைப் பங்கிட்டதிலோ இந்தக் கோடு விழவில்லை. இரண்டு செய்தித்தாள்களின் விற்பனைப் போட்டியில் விழுந்தது.

மைனிச்சி சும்மா விடவில்லை. ஹவாயில் பிறந்த வகபயாஷி தாதாஷி, அடித்து நொறுக்கும் பெத்தோ கவோரு என்று டைகர்ஸின் தூண்களையே பெயர்த்துக்கொண்டு போனது. 1950இல் இரு லீக் சாம்பியன்களும் மோதிய முதல் ஜப்பான் சீரிஸில் மைனிச்சி ஓரியன்ஸ், சினிமா கம்பெனி ஷோச்சிக்குவின் ராபின்ஸை 4–2 என்று வீழ்த்தியது.

புதிதாக வந்த அணிகளில் திமிங்கில வேட்டைக் கம்பெனியின் வேல்ஸ் இருந்தது. அரசு ரயில்வேயின் ஸ்வாலோஸும் இருந்தது. ஆனால் ஒன்றே ஒன்று மட்டும் விதிவிலக்கு: ஹிரோஷிமா கார்ப். அணுகுண்டு விழுந்து ஐந்தாவது ஆண்டு முடிவதற்குள் களமிறங்கிய அந்த அணிக்கு அப்போது தாய்க் கம்பெனியே கிடையாது. சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் 1951இல் கலைக்கும் பேச்சு வந்தபோது, மைதான வாசலில் சாக்கே மதுப் பீப்பாய்களை வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் அதில் கையிலிருந்த சில்லறையைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். அணி பிழைத்தது. முதல் பட்டத்துக்கு 1975 வரை காத்திருந்தார்கள். கம்பெனி இல்லாமலும் அணி வாழலாம் என்று ஹிரோஷிமா காட்டியதை மற்ற முதலாளிகள் கவனித்ததாகத் தெரியவில்லை.

வரிச் சுற்றறிக்கை

அவர்கள் கவனித்தது வேறொன்றை. 1954 ஆகஸ்டில் தேசிய வரித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. அணியின் நஷ்டத்தைத் தாய்க் கம்பெனி ஈடுகட்டினால், அந்தத் தொகையை விளம்பரச் செலவாகக் காட்டி வரியில் கழிக்கலாம். கம்பெனிப் பெயர் அணியில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இந்த ஒற்றைத் தாள் பெரிய காரணம். பெயர் இருந்தால்தானே விளம்பரம்! அணி நஷ்டத்தில் ஓடினாலும் யாரும் பதறவில்லை. லாபத்தில் ஓட்ட வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை.

15 அணிகளாக வீங்கிய இரண்டு லீக்குகளும் சில ஆண்டுகளில் இளைத்தன. சென்ட்ரல் 1953இல் ஆறு ஆனது. பசிபிக் லீக்கின் தலைவரும் தாய்யே சினிமா அதிபருமான நகாத்தா மசாய்ச்சி, 1957இல் கடைசி இடம் பிடிக்கும் அணி இன்னொன்றோடு கரைய வேண்டும் என்று விதி கொண்டுவந்தார். அந்த ஆண்டு கடைசி இடம் பிடித்தது அவருடைய அணி. அது மைனிச்சியோடு சேர, பசிபிக்கும் ஆறு ஆனது. அன்று அமைந்த ஆறும் ஆறும் இன்றுவரை மாறவில்லை.

இதற்குள் ஷோரிகி அடுத்த கருவியைக் கண்டுபிடித்திருந்தார். 1953இல் நாட்டின் முதல் தனியார் தொலைக்காட்சியான நிப்பான் டெலிவிஷனைத் தொடங்கி, தெருமுனைகளில் பெட்டிகளை வைத்தார். பெட்டியில் ஜயன்ட்ஸ் ஆடியது. 1959 ஜூன் 25 அன்று கொராகுஎன்னில் பேரரசர் ஹிரோஹிதோவே வந்து உட்கார்ந்து பார்க்க, ஜயன்ட்ஸ்–டைகர்ஸ் ஆட்டத்தை ஒன்பதாவது இன்னிங்ஸில் நகஷிமா ஷிகேயோ ஹோம் ரன் அடித்து முடித்தார். காசுக்கு ஆடும் ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் அந்த நாட்டில் இல்லை. 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஜயன்ட்ஸ் ஜப்பான் சீரிஸை வென்றது. சீனத் தகப்பனுக்குப் பிறந்த ஓ சதஹாரு 868 ஹோம் ரன் அடித்து ஓய்வு பெற்றார். நாடெங்கும் ஜயன்ட்ஸ் ரசிகர்கள், மற்ற ஐந்து சென்ட்ரல் அணிகளுக்கும் ஜயன்ட்ஸோடு மோதும் தொலைக்காட்சிப் பணம். பசிபிக் மைதானங்களில் பல இரவுகளில் இருக்கைகள்தான் ஆட்டம் பார்த்தன.

அதனால் பெயர்ப்பலகைகள் பசிபிக்கில்தான் அதிகம் மாறின. ஃபுகுவோக்காவின் லயன்ஸ், சூதாட்ட ஊழலில் பந்தெறிபவர்களை இழந்து நொடிந்த பிறகு, ஒரு கோல்ஃப் கிளப்பின் பெயரையும் பின்பு சிகரெட் லைட்டர் கம்பெனியின் பெயரையும் சுமந்து, கடைசியில் செய்பு குழுமத்துக்கு விற்கப்பட்டு டோக்கியோ அருகே போனது. 1988இல் நான்காய் தன் ஹாக்ஸை தாய்யெய் பேரங்காடிக்கு விற்றது. அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று, பட்டத்துக்காகக் கிந்தெட்சு ரயில் கம்பெனியின் அணி உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்த மாலையில், கோபயாஷியின் ஹன்க்யூ தன் பிரேவ்ஸை ஓரிக்ஸுக்கு விற்கும் செய்தி வந்தது. நிலக்கரி, ரயில், சினிமா என்றிருந்த ஜப்பான் பேரங்காடிக்கும் நிதித் தொழிலுக்கும் மாறியதை, ஆட்டம் பார்க்காதவர்களும் இந்த விற்பனைகளில் படிக்கலாம்.

1993இல் கால்பந்துக்கென்று தொடங்கிய ஜே லீக், கம்பெனிப் பெயர் கூடாது, ஊர்ப் பெயர்தான் என்று முதலிலேயே விதி போட்டது. தன் கால்பந்து அணிக்கும் யோமியூரி பெயரைப் பிடிவாதமாகப் பயன்படுத்தப் பார்த்துத் தோற்றது யோமியூரி. பேஸ்பால் முதலாளிகளின் காலம் மாறுவதற்கு அது முதல் அறிகுறி.

இரண்டு நாள் வேலைநிறுத்தம்

2004 ஜூனில் கடனில் மூழ்கியிருந்த கிந்தெட்சு, தன் அணியை ஓரிக்ஸோடு இணைக்கப்போவதாக அறிவித்தது. இன்னும் ஒரு இணைப்பு நடக்கும், பிறகு பத்து அணிகளோடு ஒரே லீக் என்று முதலாளிகள் பேசினார்கள். அணியை வாங்க முன்வந்த இணையக் கம்பெனி ஒன்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உரிமையாளர்களைச் சந்தித்துப் பேச வேண்டும் என்று ஆட்டக்காரர் சங்கத் தலைவரும் யாகுல்ட் கேட்சருமான ஃபுருத்தா அத்சுயா கேட்டபோது, வெறும் ஆட்டக்காரர்கள் இப்படிப் பேசலாமா என்ற பாணியில் யோமியூரியின் வதனாபே சுனேவோ எரிந்து விழுந்தார்.

அந்த ஒரு பேச்சு ரசிகர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. இணைப்பை எதிர்த்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். செப்டம்பர் 18, 19 தேதிகளில் லீக் வரலாற்றில் முதல் முறையாக ஆட்டக்காரர்கள் களமிறங்க மறுத்தார்கள். ஆட்டம் இல்லாத மைதானங்களில் அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபடி நின்றார்கள். ஜனம் அவர்கள் பக்கம் இருந்தது. முதலாளிகள் இறங்கிவந்தார்கள். இணைப்பு நடந்தது, ஆனால் காலி இடத்தில் புது அணியைச் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். பெரும் நுழைவுக் கட்டணம் வைப்புத்தொகையாக மாறியது. வடகிழக்கின் செந்தாய் நகரில் ராகுடென் பிறந்தது. 12 என்ற எண் தப்பியது. 2011 பூகம்பமும் சுனாமியும் உலுக்கிய அந்த வட்டாரத்துக்கு, தனாகா மசஹிரோ 24 வெற்றி, தோல்வியே இல்லை என்று பந்தெறிந்த 2013இல் அந்த அணி ஜப்பான் சீரிஸை வென்று கொடுத்தது.

இன்றைய அமைப்பில் அந்தச் சண்டையின் தழும்புகள் தெரியும். ஒவ்வொரு அணியும் 143 ஆட்டங்கள் ஆடுகிறது. சொந்த லீக்கின் ஐந்து அணிகளோடு தலா 25, மறு லீக்கின் ஆறு அணிகளோடு தலா 3. லீக்குகள் ஒன்றோடொன்று மோதும் ஆட்டங்கள் 2005இல்தான் வந்தன. ஜயன்ட்ஸோடு மோதும் வசூல் பசிபிக்குக்கும் கிடைக்கட்டும் என்ற பழைய கோரிக்கைக்கு வந்த பதில் அது. 12 இன்னிங்ஸ் ஆகியும் முடிவில்லை என்றால் சமன். 2007 முதல் இரு லீக்கிலும் முதல் மூன்று இடங்கள் கிளைமாக்ஸ் சீரிஸ் ஆடுகின்றன. அதில் முதலிடத்துக்கு ஒரு வெற்றி முன்கூட்டியே கொடுக்கப்படும். அதைத் தாண்டியவர்கள் ஏழு ஆட்ட ஜப்பான் சீரிஸில் சந்திக்கிறார்கள். புதிய ஆட்டக்காரர்கள் 1965 முதல் டிராஃப்ட் முறையில் வருகிறார்கள். ஒருவனையே பல அணிகள் கேட்டால் தொலைக்காட்சி முன்னால் சீட்டுக் குலுக்கல். 1995இல் நோமோ ஹிதேவோ அமெரிக்காவுக்குக் கதவைத் திறந்த பிறகு, கையில் இருப்பவர்களைப் பணத்துக்கு விடும் ஏல முறையும் சேர்ந்தது.

அணிகள் ஊரைச் சேர்ந்தவை என்ற எண்ணம் தாமதமாக, ஆனால் அழுத்தமாக வந்திருக்கிறது. நிப்பான் ஹாம் 2004இல் டோக்கியோவை விட்டு ஹொக்கைதோ போனது. ஃபுகுவோக்கா, செந்தாய், சப்போரோ என்று பசிபிக் அணிகள் நாட்டின் மூலைகளில் வேர் பிடித்தன. ஊர்ப் பெயர் முன்னாலும் கம்பெனிப் பெயர் நடுவிலும் என்று ஒரு சமரசம் நடந்திருக்கிறது.

1936இல் பிறந்த ஏழு அணிகளில், வம்சம் அறாமல் வந்தவை மிகச் சில. அவற்றில் இரண்டு 2023 ஜப்பான் சீரிஸில் மோதின. ஹன்ஷின் டைகர்ஸ் ஒரு பக்கம், பழைய ஹன்க்யூவின் வழிவந்த ஓரிக்ஸ் மறுபக்கம். 1985க்குப் பிறகு முதல் முறையாக டைகர்ஸ் வென்று, ஒசாகா தெருக்கள் இரவெல்லாம் தூங்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரயில் பாதை முழுக்க ஒன்றையொன்று விரட்டிய ஹன்க்யூவும் ஹன்ஷினும் 2006இல் ஒரே குழுமமாகச் சேர்ந்துவிட்டன. பெற்ற அணியை விற்றுவிட்ட ஹன்க்யூ, பகையாளி பெற்ற டைகர்ஸை இப்போது வீட்டில் வைத்து வளர்க்கிறது. கோபயாஷி இருந்திருந்தால் இந்தக் கணக்கைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்திருப்பார். ரசிகர்கள் யோசிக்கவில்லை. முதலாளி யார் என்று பார்த்துக் கைதட்டும் பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை.